முடிந்த வழக்கு யாருக்கு முடிந்தது?



நினைவுச் சொற்பொழிவுகளில் நாம் பெரும்பாலும் இலக்கியம் பேசுகிறோம், வரலாறு பேசுகிறோம். இன்று சட்டத்தின் ஒரே ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறேன். இங்கே களப்பணி செய்கிற தோழர்கள் இருக்கிறீர்கள், நாளை களத்துக்கு வரப்போகிற மாணவர்கள் இருக்கிறீர்கள். இரண்டு கேள்விகளை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள், அல்லது இனிமேல் கேட்பீர்கள்.

ஒன்று: “கேசுதான் ஜெயிச்சிட்டமே, மறுபடியும் எப்படிங்க நோட்டீஸ் வருது?”

இன்னொன்று: “அந்தக் கேசு எங்க அப்பா காலத்துல தோத்தது. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப நாங்க புதுசா போட்டா ஏன் எடுக்க மாட்டேங்கிறாங்க?”

ஒருவர் வென்றவர், மற்றவர் தோற்றவர். இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே விதியில் இருக்கிறது. சட்டத்தில் அதற்கு ‘ரெஸ் ஜூடிகேட்டா’ என்று பெயர். தமிழில் ‘முன்தீர்ப்புத் தடை’ என்கிறார்கள். ஒரு நீதிமன்றம் விசாரித்து முடிவு சொல்லிவிட்ட விஷயத்தை, அதே தரப்பினர் மீண்டும் வழக்காக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. இதற்கு நீதிமன்றங்கள் கூறும் காரணங்கள் இரண்டு. வழக்குக்கு ஒரு முடிவு இருப்பது பொதுநலம். ஒரே காரணத்துக்காக ஒரு மனிதரை இரண்டு முறை அலைக்கழிக்கக் கூடாது.

கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் சமூகவியல் மாணவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்: அலைச்சல் யாருக்கு?

மார்க் காலண்டர் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர் 1974இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். இந்தியாவில் இடஒதுக்கீட்டுச் சட்டங்கள் பற்றி விரிவாக ஆய்வு செய்தவரும் அவரே. நீதிமன்றத்துக்கு வருகிறவர்களை அவர் இரண்டு வகையாகப் பிரித்தார். வாழ்க்கையில் ஒருமுறை மட்டும் வருகிறவர்கள் ஒரு வகை. திரும்பத் திரும்ப வருகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையினருக்கு வக்கீல் தெரியும், குமாஸ்தா தெரியும், எந்த மனு எத்தனை வாய்தா இழுக்கும் என்பதும் தெரியும். அவர்களுக்கு ஒரு வழக்கில் தோற்பது பெரிய இழப்பு இல்லை. முதல் வகையினருக்கு அந்த ஒரு வழக்கில்தான் வீடும் பாதையும் நிலமும் இருக்கின்றன. ஒரு வாய்தாவுக்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறது.

இந்த வேறுபாட்டை நம் ஊரில் வைத்துப் பார்ப்போம்.

சேரியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் வண்டிப்பாதை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்து வயல்காரர் அது தன் பட்டா நிலம் என்று சொல்லி, பிணம் எடுத்துப் போகத் தடை கேட்டு முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போடுகிறார். சாட்சி விசாரணை நடக்கிறது, வருவாய்த்துறை வரைபடம் வருகிறது, அது பொதுப்பாதைதான் என்று தீர்ப்பாகிறது. அவர் மேல்முறையீடு செய்யலாம். அது அவர் உரிமை. மேல்முறையீடு என்பது அதே வழக்கின் அடுத்த படி, முன்தீர்ப்புத் தடை அதைத் தடுக்காது. அங்கும் தோற்கிறார்.

இரண்டு ஆண்டு கழித்து அந்த வயலை மைத்துனர் பெயருக்கு எழுதி வைக்கிறார். மைத்துனர் அதே பாதைக்கு உறுத்துக்கட்டளை கேட்டுப் புதிய வழக்குப் போடுகிறார். சர்வே எண்ணுக்குப் பின்னால் ஒரு உட்பிரிவு எண் மட்டும் கூடுதலாக இருக்கிறது. அது தள்ளுபடியானால் மனைவி பெயரில் இன்னொன்று.

11ஆம் பிரிவு இங்கேதான் வேலை செய்கிறது. அது ஐந்து விஷயங்களைப் பார்க்கிறது. முன்வழக்கிலும் இப்போதும் நேரடியாகவும் முக்கியமாகவும் எழுந்திருக்கும் பிரச்சினை ஒன்றா? தரப்பினர் அவர்களேயா, அல்லது அவர்களிடமிருந்து உரிமை பெற்று வந்தவர்களா? அதே தகுதியில்தான் வழக்காடுகிறார்களா? முன்பு தீர்ப்புச் சொன்ன நீதிமன்றத்துக்கு அதற்கான அதிகாரம் இருந்ததா? பிரச்சினை விசாரிக்கப்பட்டு இறுதியாக முடிவு செய்யப்பட்டதா? ஐந்துக்கும் ‘ஆம்’ என்றால் புதிய வழக்கு நிற்காது. மைத்துனர் நிலத்தை வாங்கியவர். விற்றவருக்கு எதிரான தீர்ப்பு அவரையும் கட்டும். உட்பிரிவு எண் மாறியதால் பாதை மாறிவிடாது.

ஆனால் இந்தத் தடை தானாக வந்து நம்மைக் காப்பாற்றாது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. நம் தரப்பு எதிருரையில் இதை எழுப்ப வேண்டும். முன்வழக்கின் வழக்குரை, எதிருரை, எழுவினாக்கள், தீர்ப்பு, தீர்ப்பாணை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களைத் தாக்கல் செய்து நிரூபிக்க வேண்டும். தீர்ப்பு நகலை மட்டும் கொடுத்தால் போதாது, முன்வழக்கில் எது பிரச்சினையாக இருந்தது என்பதைக் காட்டும் வழக்காவணங்களும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நாம் ஜெயித்த வழக்கின் கட்டு எங்கே இருக்கிறது? ஊர்ப் பெரியவர் வீட்டுப் பரணில் இருக்கலாம், கரையான் தின்றிருக்கலாம், இறந்துபோன வக்கீலின் அலுவலகத்தில் இருக்கலாம். பேப்பர் இல்லை என்றால், ஒரு தலைமுறை போராடி வாங்கிய வெற்றியை முதலிலிருந்து மறுபடியும் வாங்க வேண்டும்.

இதே வழக்கின் உள்ளேயும் இன்னொரு விளையாட்டு உண்டு. ஐ.ஏ. என்று சொல்கிறோமே, அந்த இடைமனுக்கள். ஆணையரை நியமிக்கக் கேட்டு ஒன்று, வழக்குரையைத் திருத்த ஒன்று, சாட்சியைத் திரும்ப அழைக்க ஒன்று. தள்ளுபடியானால் அதே மனு வேறு வார்த்தைகளில் திரும்ப வரும். ஒரே வழக்கின் ஒரு கட்டத்தில் முடிவான விஷயம் அடுத்த கட்டத்திலும் கட்டும் என்று உச்ச நீதிமன்றம் 1960இல் சத்யாத்யன் கோஷல் வழக்கில் சொன்னது. 1963இல் அர்ஜுன் சிங் வழக்கில் ஒரு நுணுக்கத்தைச் சேர்த்தது. இடைக்காலத் தடை போன்ற உத்தரவுகள் உரிமையை முடிவு செய்வதில்லை. அதனால் சூழ்நிலை மாறினால் மறுபடி மனுப் போடலாம். ஆனால் எதுவும் மாறாமல் அதே உண்மைகளை வைத்து மீண்டும் மீண்டும் மனுப் போடுவது நீதிமன்ற நடைமுறையைத் தவறாகப் பயன்படுத்துவது. தீர்ப்பை நிறைவேற்றும் கட்டத்துக்கும் 11ஆம் பிரிவு பொருந்தும் என்பதை 1976ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 7ஆம் விளக்கம் சொல்கிறது. நிறைவேற்றுதல் மனுவில் ஒருமுறை நிராகரிக்கப்பட்ட ஆட்சேபணையைத் திரும்ப எழுப்பினால் இதைக் காட்டலாம்.

எல்லை மீறி வழக்குப் போட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு மதராஸ் மாகாணம் 1949இலேயே ஒரு தனிச்சட்டம் செய்தது. வழக்கமாகவும் நியாயமான காரணமின்றியும் தொல்லை வழக்குகள் போடும் ஒருவர், முன் அனுமதி இல்லாமல் இனி வழக்குப் போடக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிடலாம். அதற்கு அட்வகேட் ஜெனரல் விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கதவைத் தட்டுவது ஒரு சேரி மக்களுக்கு எளிதில்லை. ஆகவே நமக்கு நடைமுறைக் காவல் 11ஆம் பிரிவுதான்.

வன்கொடுமை வழக்குகளில் இதே பிரச்சினை வேறு உருவத்தில் வரும். குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீன் மனுப் போடுவார். தள்ளுபடி. மறுமாதம் இன்னொன்று, அடுத்த மாதம் இன்னொன்று. ஜாமீனில் முன்தீர்ப்புத் தடை கண்டிப்பாகப் பொருந்தாது. அது சரிதான். ஒரு மனிதரின் விடுதலை சம்பந்தப்பட்ட விஷயம், நாளை நம் பிள்ளைகளுக்கும் அது தேவைப்படும். ஆனால் அடுத்த மனுவுக்கு உண்மையிலோ சட்டத்திலோ ஒரு மாற்றம் காட்ட வேண்டும் என்று பப்பு யாதவ் பிணை வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. முதல் மனுவைக் கேட்ட நீதிபதியே அடுத்ததையும் கேட்பது நல்லது என்பதும் நீண்டகாலமாகச் சொல்லப்பட்டு வருகிற நெறி.

நம் கையில் இதைவிட வலுவான கருவி ஒன்று உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவு. பாதிக்கப்பட்டவருக்கு ஒவ்வொரு நடவடிக்கை பற்றியும், ஜாமீன் உட்பட, உரிய நேரத்தில் அறிவிப்புத் தர வேண்டும். ஜாமீன் விசாரணையில் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். இது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் ராஜஸ்தானிலிருந்து வந்த ஒரு வழக்கில் தீர்ப்பளித்து, அறிவிப்பில்லாமல் கொடுக்கப்பட்ட ஜாமீனை ரத்து செய்தது. மூன்றாவது மனு வரும்போது, “முதலிரண்டு மனுக்களுக்குப் பிறகு என்ன மாறியது?” என்று கேட்க நம் ஆள் அந்தக் கோர்ட்டில் நிற்க வேண்டும். அரசு வழக்கறிஞர் கேட்பார் என்று வீட்டில் இருந்தால் கேள்வி கேட்கப்படாமலே போகலாம்.

இதுவரை இந்த விதி நம்மைக் காக்கும் பக்கத்தைப் பார்த்தோம். இனி அது நம்மை வெட்டும் பக்கம்.

முதல் ஆபத்து, சொல்லாமல் விட்டது. 11ஆம் பிரிவின் 4ஆம் விளக்கம், முன்வழக்கில் எழுப்பியிருக்கக் கூடிய, எழுப்பியிருக்க வேண்டிய வாதத்தை எழுப்பாமல் விட்டால் அதுவும் முடிவானதாகவே கருதப்படும் என்கிறது. பாதை வழக்கில் ‘நீண்டகாலமாகப் பயன்படுத்துகிறோம்’ என்று மட்டும் சொல்லி, ‘இது வருவாய் ஆவணப்படி பொதுப்பாதை’ என்று சொல்லாமல் விட்டுத் தோற்றால், அந்த வாதத்தை வைத்து இரண்டாவது வழக்குப் போட முடியாமல் போகலாம்.

இரண்டாவது, வராமல் விட்டது. நாம் வாதியாக இருந்து, பிரதிவாதி ஆஜராகியும் நம் பக்கம் யாரும் வராததால் வழக்குத் தள்ளுபடியானால், அதே காரணத்துக்குப் புதிய வழக்குப் போட முடியாது. பழைய வழக்கை மீட்க 30 நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். நாம் பிரதிவாதியாக இருந்து எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டாலும், அதை ரத்து செய்ய 30 நாள்தான். நோட்டீஸ் முறையாக வரவில்லை என்றால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாள் கணக்கு. ‘நம்மள கூப்பிடவே இல்லையே’ என்று சும்மா இருந்துவிட்டால் அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டும்.

மூன்றாவது, வாபஸ். ஊரில் சமாதானம் பேசி வழக்கை வாபஸ் வாங்கச் சொல்வார்கள். புதிய வழக்குப் போட நீதிமன்றம் அனுமதி தந்ததாக உத்தரவில் எழுதியிருக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் வாபஸ் வாங்கினால், சமாதானம் மறுநாள் உடைந்தாலும் அதே விஷயத்துக்குத் திரும்பிப் போக வழியில்லை. நீதிப்பேராணை மனுக்களுக்கும் இதே நெறி பொருந்தும் என்று 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

நான்காவது, பிரதிநிதி வழக்கு. ஊர் மக்கள் எல்லோருக்காகவும் சிலர் வழக்காடவோ, எல்லோருக்கும் எதிராகச் சிலர் மேல் வழக்குப் போடவோ உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் முதல் கட்டளை, 8ஆம் விதி இடம் தருகிறது. அதில் வரும் தீர்ப்பு பெயர் இல்லாதவர்களையும் கட்டும். நம் சேரிக்காக யாரோ இருவரைப் பிரதிநிதியாகக் காட்டி, அவர்கள் சரியாக வழக்காடாமல் போனால், பாதிப்பு மொத்தச் சேரிக்கும். இதற்குப் பாதுகாப்பும் அதே விதியில் இருக்கிறது. எல்லோருக்கும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அல்லது விளம்பரம் செய்ய வேண்டும். யார் வேண்டுமானாலும் தன்னையும் தரப்பாகச் சேர்க்கக் கேட்கலாம். பிரதிநிதி அக்கறை காட்டாவிட்டால் அவரை மாற்றவும் நீதிமன்றத்தால் முடியும்.

இந்தப் பிரதிநிதி வழக்கின் இரண்டு முகங்களையும் நம் வரலாற்றிலேயே பார்க்கலாம்.

1927 மார்ச்சில் மகாட் சவுதார் குளத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் தலைமையில் மக்கள் தண்ணீர் அருந்தினார்கள். டிசம்பரில் மீண்டும் கூடவிருந்த நேரம் பார்த்து, டிசம்பர் 12 அன்று சாதி இந்துக்கள் சிலர் நீதிமன்றம் போனார்கள். அம்பேத்கர் உள்ளிட்ட சிலரைத் தீண்டத்தகாதோர் அனைவரின் பிரதிநிதிகளாகக் காட்டி வழக்குப் போட்டு, டிசம்பர் 14 அன்று இடைக்காலத் தடை வாங்கினார்கள். மாநாடு நடந்தது, மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது, ஆனால் குளத்தில் இறங்குவதை அம்பேத்கர் தள்ளிவைத்தார். பலருக்கும் அப்போது அது ஏமாற்றமாக இருந்தது. அவர் வழக்கைப் பற்றிக்கொண்டார். இடைக்காலத் தடை 1928 பிப்ரவரியில் நீங்கியது. 1931இல் மகாட் நீதிமன்றத்தில் வெற்றி, 1933இல் மேல்முறையீட்டில் வெற்றி, 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வெற்றி. தொன்றுதொட்ட வழக்கம் என்று வாதிகள் சொன்னதை நீதிபதிகள் புரூம்ஃபீல்டும் வாடியாவும் ஏற்கவில்லை. ஒன்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. தீண்டத்தகாதோர் அத்தனை பேரையும் ஒரே வழக்கில் கட்டிப்போட நினைத்தார்கள். தோற்றதும் அந்தக் கயிறு கட்டியவர்கள் மேலேயே விழுந்தது.

எதிர்முகம் கமுதி. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தினர் நுழைந்தார்கள். இராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டார். மதுரை நீதிமன்றம், மதராஸ் உயர் நீதிமன்றம், கடைசியில் 1908இல் லண்டன் பிரிவிக் கவுன்சில். எல்லா இடத்திலும் வழக்கம் என்ற பெயரில் விலக்கல்தான் வென்றது. தவறான தீர்ப்பும் தீர்ப்புதான். தவறு என்பதாலேயே முன்தீர்ப்புத் தடை விலகிவிடாது. பிரிவிக் கவுன்சிலுக்கு மேல் போக இடமில்லை.

ஆனால் கமுதி அத்துடன் முடியவில்லை. நீதிமன்றத்தில் மூடிய கதவை இயக்கங்கள் தெருவிலும் சட்டமன்றத்திலும் தட்டின. 1939இல் ஒரு கோயில் நுழைவுச் சட்டம், 1947இல் இன்னொன்று, பிறகு அரசமைப்பின் 17ஆம் பிரிவு. எந்த வழக்கத்தின் மேல் அந்தத் தீர்ப்பு நின்றதோ அந்த வழக்கமே சட்டவிரோதமானது. இடையில் சட்டம் மாறிவிட்டால், பழைய சட்டத்தின்படி சொன்ன முடிவு புதிய உரிமையைத் தடுக்காது என்பதை 1970இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

முன்தீர்ப்புத் தடைக்கு வேறு வாசல்களும் உண்டு. மோசடி செய்தோ, இரு தரப்பும் கூட்டுச்சதி செய்தோ வாங்கிய தீர்ப்பு கட்டாது. செங்கல்வராய நாயுடு வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம், மோசடியால் பெற்ற தீர்ப்பு சட்டத்தின் கண்ணில் இல்லாததற்குச் சமம் என்றது. தரப்பாக இல்லாதவரையும், தரப்பினரிடமிருந்து உரிமை பெறாதவரையும் சாதாரண வழக்கின் தீர்ப்பு கட்டாது. பஞ்சமி நிலத்தில் இரண்டு தனியார் தங்களுக்குள் வழக்காடி வாங்கிய தீர்ப்பைக் காட்டி, 1892 முதல் அந்நிலத்துக்கு இருக்கும் நிபந்தனைகள் போய்விட்டன என்று யாராவது சொன்னால், அந்த வழக்கில் அரசு தரப்பாக இருந்ததா என்று முதலில் கேளுங்கள். நீதிப்பேராணை மனு காரணம் சொல்லாமல் ஆரம்பத்திலேயே தள்ளப்பட்டிருந்தால் அது தடையாகாது என்பது 1961ஆம் ஆண்டு தர்யாவ் வழக்கின் முடிவு. குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்ட ஒருவருக்கான ஆட்கொணர்வு மனு தோற்றாலும், புதிய காரணங்களோடு மீண்டும் போகலாம் என்பதற்கு 1981ஆம் ஆண்டுத் தீர்ப்பு துணை நிற்கும். மனிதரின் விடுதலை விஷயத்தில் சட்டம் தன் கதவை முழுதாகச் சாத்தவில்லை.

ஆகவே தோழர்களே, நாம் நடத்தும் முதல் வழக்கையே கடைசி வழக்காக நினைத்து நடத்த வேண்டும். திரும்பத் திரும்ப வருகிறவருக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்துக்கொண்டே இருக்கும். நமக்கு அந்த வசதி இல்லை. வழக்குரை எழுதும் நாளிலேயே ஊரில் உட்கார்ந்து, எல்லா ஆவணத்தையும் எல்லா வாதத்தையும் வக்கீலிடம் சேர்க்க வேண்டும். எந்த உத்தரவு வந்தாலும் ‘ஜெயிச்சோமா, தோத்தோமா’ என்பதோடு நிறுத்தாமல், அது விசாரித்துச் சொன்ன முடிவா, வராததால் தள்ளியதா, வாபஸா, அனுமதியோடு வாபஸா என்று படித்துப் பார்க்க வேண்டும். 30 நாள் கணக்கை அன்றைக்கே நாட்காட்டியில் குறித்துவிட வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊரில் பாதை, குளம், சுடுகாடு, நிலம் பற்றி இதுவரை நடந்த வழக்குகளின் எண்களைத் தேடி எழுதுங்கள். தீர்ப்போடு வழக்குரைக்கும் எதிருரைக்கும் சான்றிட்ட நகல் வாங்கி, ஊரில் ஒரு பிரதி, அமைப்பில் ஒரு பிரதி வையுங்கள். நாம் வாய்மொழி வரலாற்றைத் தொகுக்கிறோம், பாடல்களைத் தொகுக்கிறோம். நம் மக்கள் நீதிமன்றத்தில் வென்றதையும் தொகுக்க வேண்டும். மைத்துனர் பெயரில் மூன்றாவது நோட்டீஸ் வரும் நாளில், அந்தக் கட்டு மேசையில் இருந்தால்தான் பாதை நம்முடையதாக இருக்கும்.

ஜெய் பீம்.